சூப்பர் ஹீரோ படத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா? டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியவை

பள்ளிக்கூடப் பையில் ஸ்பைடர்மேன், தண்ணி பாட்டிலில் ஸ்பைடர்மேன், பிறந்தநாள் கேக்கிலும் அவனேதான். இப்படி வீடு முழுக்கத் தொங்குகிறவன் படம் பிள்ளைகள் படமாகத்தானே இருக்கும் என்று நாம் யோசிக்காமலே முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு மே மாச லீவில் பதினொரு வயது மகளையும் ஆறு வயது மகனையும் தக்கலையில் பஸ் ஏற்றி, நாகர்கோவிலில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சூப்பர் ஹீரோ படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இடைவேளை வரைக்கும் பாப்கார்னும் சிரிப்புமாக இருந்தான் சின்னவன். அதற்குப் பிறகு ஒரு பெரிய கட்டடம் சரிகிற காட்சி வந்தது, தூசியும் அலறலுமாக ஒரு ஐந்து நிமிஷம். திரும்பிப் பார்க்கிறேன், இரண்டு காதையும் உள்ளங்கையால் அழுத்திப் பொத்தியிருக்கிறான், கண்ணை மட்டும் மூடவில்லை. மடியில் இருந்த பாப்கார்ன் டப்பா காலடியில் கவிழ்ந்து கிடக்கிறது. மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "அம்மா, அப்பா இருக்குற ஊர்லயும் இப்பிடி உயரமான பில்டிங் உண்டுமா?" என்று கேட்டான். அவன் அப்பா வேலை செய்வது துபாயில்.

அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாள், ராத்திரி வீடியோ காலில் அவர் தன் அறை ஜன்னலைத் திறந்து கீழே ரோட்டைக் காட்டி, "பாரு மக்கா, நான் ரெண்டாவது மாடியிலதான் இருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் பிள்ளை தூங்கினான். டிக்கெட்டில் யுஏ 13+ என்று தெளிவாகவே அச்சடித்திருந்தது. நான்தான் சீட் நம்பரைப் பார்த்தேனே தவிர அதைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எந்தப் படத்துக்கும் டிக்கெட் போடும் முன் ஒரு பதினைந்து நிமிஷம் செலவழிக்கிறேன். மைனி ஒருமுறை கேட்டாள், அவள் சொல்லி இன்னும் நாலு பேர் கேட்டார்கள், இப்போது புதுப்படம் வந்தாலே எனக்குப் போன் வருகிறது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த எண்

சென்சார் போர்டு என்று நாம் சொல்கிற மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம் 1952-ம் வருஷத்துச் சட்டப்படி நடக்கிறது. யு என்றால் எல்லாரும் பார்க்கலாம். ஏ என்றால் பதினெட்டு முடிந்தவர்கள் மட்டும். எஸ் என்றும் ஒன்று உண்டு, டாக்டர்கள் மாதிரிக் குறிப்பிட்ட தொழில்காரர்களுக்கானது, அது நம் டிக்கெட்டில் வரப்போவதில்லை. நடுவில் இருப்பதுதான் யுஏ. இது 1983-ல் வந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் பார்த்து முடிவு செய்யட்டும் என்பதுதான் அதன் பொருள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் பதினொரு வயதுப் பிள்ளைக்கும் ஒரே முத்திரை. சட்டைக்கு அளவு எடுக்காமல் துணி வெட்டுகிற மாதிரி.

2023-ல் சட்டத்தைத் திருத்தி இந்த யுஏவை மூன்றாகப் பிரித்தார்கள்: யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. அதற்கான விதிகள் 2024-ல் வந்தன, இப்போது வருகிற படங்களில் இந்த எண் இருக்கும். பழைய படமாக இருந்தால் வெறும் யுஏதான். அதை வைத்து நல்லது கெட்டது எதுவும் முடிவு செய்ய முடியாது, கீழே சொல்கிற மற்ற வழிகளில்தான் பார்க்க வேண்டும்.

இதில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. யுஏ பக்கத்தில் இருக்கிற எண்ணை வைத்து உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள். சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது: அந்த எண் பெற்றோரும் பாதுகாவலரும் யோசித்துப் பார்ப்பதற்கு, அவர்களைத் தவிர வேறு யாரும் அதை அமல்படுத்த முடியாது. ஆறு வயதுப் பிள்ளையோடு யுஏ 16+ படத்துக்கு நீங்கள் போய் நின்றாலும் டிக்கெட் கிழிக்கிறவர் கிழித்து உள்ளே விட்டுவிடுவார், அவர் மேல் தப்பும் இல்லை. "பிரச்சினை இருந்தா உள்ள விட்டிருக்க மாட்டாங்களே" என்று மைனி அடிக்கடி சொல்வாள். அங்கே வாட்ச்மேன் நாம்தான் மைனி, வேறு ஆள் கிடையாது.

ஏ படம் கதையே வேறு. பதினெட்டு ஆகாதவருக்கு ஏ படத்தைக் காட்டினால் அது தியேட்டர்காரர் மேல் சட்டப்படி தப்பு. அப்பா அம்மா கூட இருப்பதெல்லாம் கணக்கில்லை. ஆனால் ஒருமுறை ஒரு தியேட்டர் கவுண்டரில், "பெரியவங்க கூட வந்தா போதும்க்கா" என்று எனக்கே சொன்னார்கள், அதுவும் கண்ணாடியில் பெரிய ஏ ஒட்டியிருந்த படத்துக்கு! கவுண்டரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

சூப்பர் ஹீரோ படத்திலா ஏ வரப்போகிறது என்று நினைக்கிறீர்களா? 2017-ல் வந்த லோகன் ஏ. 2019-ல் வந்த ஜோக்கர் ஏ. 2024-ல் வந்த டெட்பூல் அண்ட் வோல்வரின் ஏ. இதில் லோகன் யார் தெரியுமா, எக்ஸ்மென் ஸ்டிக்கரில் கையில் கத்தி முளைத்து நிற்பானே, அதே ஆள்தான். டெட்பூலின் சிவப்பு உடுப்பைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்பைடர்மேனுக்குச் சித்தப்பா பையன் மாதிரி இருப்பான், பிள்ளைகள் போஸ்டரைப் பார்த்துக் கை நீட்டுவதில் ஆச்சரியமே இல்லை. கார்ட்டூன் என்றால் கவலையில்லை என்பதும் கிடையாது. இன்வின்சிபிள் என்ற தொடர் முழுக்க வரைந்த படம்தான், பெரியவர்களுக்கென்றே எடுத்தது, அதில் ஓடுகிற ரத்தத்துக்கு வேறு எதுவும் ஈடில்லை.

சான்றிதழை எங்கே பார்ப்பது? டிக்கெட் போடும் ஆப்பில் படத்தின் பெயருக்குக் கீழேயே, ஓடும் நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். போஸ்டரிலும் இருக்க வேண்டும். ஆங்கிலப் படங்களுக்குச் சில சமயம் வெளியாகும் வாரத்தில்தான் சான்றிதழே கையில் வருகிறது, அதுவரை ஆப்பில் எதுவும் இருக்காது. அப்படி இருந்தால் முதல் நாளுக்கு அவசரப்பட்டு டிக்கெட் போடாமல் இரண்டு நாள் பொறுங்கள். படம் எங்கேயும் ஓடிப்போகாது.

எண்ணில் இல்லாதது

13+ என்று போட்டிருக்கிறது, சரி. எதற்காகப் 13+? ரத்தமா, கெட்ட வார்த்தையா, அம்மா சாகிற காட்சியா, பேய் மாதிரி ஏதாவது வருகிறதா? இது தெரிந்தால்தான் நம் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று சொல்ல முடியும். அதற்கு வெளிநாட்டுச் சான்றிதழ்கள் உதவும், ஏனென்றால் அவற்றில் காரணமும் எழுதியிருக்கும்.

அமெரிக்காவில் ஜி, பிஜி, பிஜி-13, ஆர், என்சி-17 என்று ஐந்து படி. பிஜி-13 என்பது 1984-ல் சேர்த்தது, இன்றைக்கு வருகிற சூப்பர் ஹீரோ படங்களில் பெரும்பாலானவை அந்தப் படியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அது ரொம்ப அகலமான படி. பதிமூன்று வயதுக்காரன் சிரித்துவிட்டுப் போகிற படமும் அதில் இருக்கும், நானே தலையைத் திருப்பிக்கொள்கிற படமும் அதில் இருக்கும். ஆனால் பக்கத்தில் ஒரு வரி போடுவார்கள், தீவிரமான வன்முறை, மோசமான வசனம், போதைப் பொருள் என்று எது காரணமோ அது. அந்த ஒரு வரியை விடாமல் படியுங்கள். ஆர் என்று இருந்தால் ஆறு வயதுக்காரன் வீட்டில் பாட்டியோடு இருக்கட்டும், பேச்சே வேண்டாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இங்கிலாந்துக்காரர்களுடையது. அவர்களிடம் யு, பிஜி, 12ஏ, 15, 18 என்று இருக்கிறது. 15 என்றால் பதினைந்துக்குக் கீழே தியேட்டருக்குள் நுழையவே முடியாது, அப்பா கூட வந்தாலும் சரி. 2022-ல் வந்த தி பேட்மேன் படத்துக்கு அமெரிக்காவில் பிஜி-13, இங்கிலாந்தில் 15. ஒரே படம்தான். இப்படி இரண்டு பேர் வேறு வேறு மாதிரிச் சொல்லும்போது கடுமையாகச் சொல்கிறவர் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று போய்ப் படிப்பது என் வழக்கம். பிபிஎஃப்சி என்கிற அவர்களுடைய வாரியத்தின் தளத்தில் படத்தின் பெயரைத் தேடினால் வன்முறை, மிரட்டலும் பயமும், மொழி என்று தனித்தனியாகப் பத்தி எழுதி வைத்திருப்பார்கள், எந்த மாதிரிக் காட்சி என்பதுவரை. 12ஏ வந்த கதையிலும் ஒரு சூப்பர் ஹீரோ உண்டு. 2002-ல் ஸ்பைடர்மேன் வந்தபோது அங்கே 12 கொடுத்தார்கள், அதாவது பன்னிரண்டுக்குக் கீழே யாரும் போக முடியாது. எந்தப் பிள்ளையின் பையில் அவன் இருக்கிறானோ அந்தப் பிள்ளைக்கே படம் இல்லை! ஊர் ஊராக உள்ளாட்சிக்காரர்கள் தங்கள் பகுதிக்கு மட்டும் தளர்த்தினார்கள், அதே வருஷம் பெரியவர் கூட வந்தால் போகலாம் என்கிற 12ஏ நாடு முழுக்க வந்தது. 2008-ல் தி டார்க் நைட்டுக்கு அந்த 12ஏவைக் கொடுத்தபோது, இதைப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்து விட்டீர்களே என்று புகார் குவிந்தது.

இது இரண்டும் பார்த்து இன்னும் சந்தேகம் இருந்தால் ஐஎம்டிபி என்கிற சினிமா விவரத் தளத்தில் பெற்றோர் வழிகாட்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. பார்த்தவர்களே எழுதுவது. ஆபாசம், வன்முறை, வசவு, குடி புகை, பயமுறுத்தும் காட்சிகள் என்று ஐந்து தலைப்பு. எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்க வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு என்றால் நான் நேராகக் கடைசித் தலைப்புக்குப் போய்விடுவேன், ஏனென்றால் வன்முறை என்ற தலைப்பில் பத்து அடிதடியை எண்ணி எழுதியிருப்பார்கள், ஆனால் என் மகனைத் தூங்கவிடாமல் செய்தது அடிதடி இல்லை, கட்டடம். காமன் சென்ஸ் மீடியா என்று ஒரு அமெரிக்க அமைப்பின் தளமும் உண்டு, அங்கே விமர்சகர் ஒரு வயது சொல்வார், பெற்றோர் ஒரு வயது சொல்வார்கள், பிள்ளைகளும் ஒரு வயது சொல்வார்கள். பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், அதை நம்ப வேண்டாம்! இந்த இடங்களில் கதை முழுக்க உடைபடும். அது பரவாயில்லை என்பவர் படிக்கட்டும், வீட்டில் ஒருவர் மட்டும் படித்தால் போதும். எங்கள் வீட்டில் அது நான், அதனால் எனக்கு எந்தப் படத்திலும் சஸ்பென்ஸ் கிடையாது.

வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் (நம் மாவட்டத்தில் அது எத்தனை வீடு என்று சொல்லவே வேண்டாம்) இன்னொரு வழியும் உண்டு. படம் பல சமயம் அங்கே நமக்கு ஒரு நாள் முன்பே வந்துவிடும். அவர் அங்கே பார்த்துவிட்டுச் சொல்கிற ஒரு வார்த்தை இந்தத் தளங்கள் எல்லாவற்றையும்விட மேல், நம் பிள்ளை எதற்குப் பயப்படுவான் என்று அவருக்குத்தானே தெரியும். ஆனால் அங்கே ஓடுகிற பிரதியை அவர்கள் தங்கள் கணக்கில் வெட்டியிருக்கலாம், நம் ஊரில் ஓடுவது நம் வாரியம் வெட்டியது. நம் வாரியத்தின் கத்தி முத்தத்தைக் கண்டால்தான் வேகமாகப் போகும். 2025-ல் வந்த சூப்பர்மேனில் முத்தக் காட்சியில் சுமார் அரை நிமிடத்தை எடுத்துவிட்டார்கள் என்று பெரிய பேச்சாக இருந்தது. நகரமே இடிந்து விழுகிற காட்சிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அதனால் சென்சார் வெட்டியிருப்பார்களே என்று நிம்மதியாக இருப்பதில் அர்த்தமில்லை, அவர்கள் கவலை வேறு, நம் கவலை வேறு.

எந்த மொழியில் பார்க்கிறோம் என்பதும் உண்டு. நம் ஊரில் ஒரே படத்தைத் தமிழ் டப்பிங்கில் நாகர்கோவிலில் பார்க்கலாம், ஆங்கிலத்தில் ஐமேக்ஸ் வேண்டுமென்றால் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகலாம். மொழிக்கு மொழி எண் மாறலாம், எனவே ஆப்பில் நீங்கள் போகிற மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு எண்ணைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பிள்ளைக்குப் புரியாமல் போகிற வசவு தமிழில் பளிச்சென்று புரியும், வீட்டுக்கு வந்து அதை மாமியிடம் சொல்லியும் காட்டும்.

பிள்ளையைப் பார்த்து அளவெடுப்பது

இதுதான் எந்தச் சான்றிதழும் செய்யாத வேலை.

ஐந்து ஆறு வயதுவரை பிள்ளைகளுக்குப் பயம் கண் வழியாக வருகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கேன்டர் என்பவர் பிள்ளைகள் டிவி பார்த்துப் பயப்படுவதைப் பற்றியே ஆராய்ந்தவர். ஹல்க் டிவி தொடரை வைத்து அவரும் ஸ்பார்க்ஸ் என்பவரும் செய்த ஆய்வு 1986-ல் வந்தது. அந்த மனுஷன் பச்சையாகி, சட்டை கிழிந்து, உடம்பு வீங்குகிற இடம் வந்தால் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மிரண்டு போனார்கள். ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு அதே காட்சியில் பயம் குறைவு, ஏனென்றால் ஹல்க் வந்துவிட்டான், இனி நல்லவர்கள் பிழைப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கெட்டவனிடம் மட்டும்தான் பிள்ளை பயப்படும் என்று நாம் நினைக்கிறோம், சின்னதுக்கு ஹீரோவே பயம். "அவன் நல்லவன்டா" என்று காதில் நூறு முறை சொன்னாலும் அந்த வயசில் உருவம்தான் பேசும்.

ஏழெட்டு வயசுக்கு மேலே பயத்தின் வாசல் மாறுகிறது. பச்சை உருவம் சிரிப்பாகிவிடும், ஆனால் நிஜத்தில் நடக்கக்கூடியது பயமுறுத்தும். வீட்டில் யாராவது சாவது, அம்மாவைக் கடத்துவது, தீ, வெள்ளம். சூப்பர் ஹீரோ படங்களில் ஹீரோவுக்கு அப்பா அம்மாவோ மாமாவோ சாகாமல் கதை நகர்வது அபூர்வம், இதைக் கவனித்திருப்பீர்கள். அண்மையில் தாத்தா இறந்த வீடு, அப்பா வெளிநாட்டில் இருக்கிற வீடு, கடலுக்குப் போகிற வீடு என்றால் எதைத் தேட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். குளச்சல் பக்கத்தில் சுனாமியில் ஆளை இழந்த குடும்பத்தில் வளர்கிற பிள்ளைக்கு, கடல் எழுந்து ஊரை மூடுகிற கிராபிக்ஸ் காட்சி மற்றவர்களுக்குப் போல இருக்காது. அதை எந்த நாட்டு வாரியம் எழுதி வைக்கும்?

காப்பியடிப்பது தனிக் கவலை. அமெரிக்காவில் சாரா கோய்ன் என்பவர் 240 பாலர் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வந்தது. சூப்பர் ஹீரோவில் ஊறிய பிள்ளைகளிடம் ஒரு வருஷம் கழித்து அடிதடிக் குணம் கூடியிருந்தது, அடி வாங்குகிற பிள்ளைக்குப் போய்ப் பரிந்து நிற்கிற குணம் கூடவில்லை. எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. சக்திமான் டிவியில் வந்த காலத்தில் என் தம்பி அப்பாவுடைய துவர்த்தை (துண்டைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) கழுத்தில் கட்டிக்கொண்டு கொல்லாமரத்திலிருந்து குதித்தான். சக்திமான் அந்த வாரம் யாரைக் காப்பாற்றினார் என்று கேட்டால் அவனுக்கு ஓர்மை இருக்காது. முழங்கையில் தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

இங்கே எங்கள் மாமி ஒரு கேள்வி கேட்பார், நியாயமான கேள்வி. "அம்மன் கோயில் கொடைக்குப் பிள்ளையள மடியில வச்சு ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு கேக்கல்லியா, இசக்கி கத கேக்கல்லியா, அப்ப எவன் வந்து நம்பர் போட்டான்?" உண்மைதான். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்குப் போகிறோம். இசக்கி சிலைகளில் வாயில் பிள்ளையை வைத்துக் கடித்துக்கொண்டு நிற்கிற கோலத்தை மூன்று வயதிலிருந்தே பார்க்கிறோம், சென்சார் போர்டு பார்த்தால் 16+ போட்டிருப்பார்கள். இசக்கியை நீலி என்றும் சொல்வார்கள், அந்த நீலியே இப்போது சூப்பர் ஹீரோவாகிவிட்டாள்: 2025-ல் வந்த மலையாள லோகா படத்தின் நாயகி கள்ளியங்காட்டு நீலிதான், நாகர்கோவில் பக்கத்தில் கள்ளியங்காடு என்று ஊரே இருக்கிறது. மாமிக்கு நான் சொல்கிற பதில் இதுதான்: கொடைத் திருவிழாவில் வெளிச்சம் இருக்கிறது, பக்கத்தில் சுக்காப்பி கொடுக்கிறார்கள், பயமாக இருந்தால் பிள்ளை எழுந்து பலூன்காரனிடம் போய்விடலாம், பாட்டு நிற்கும்போது பாடுகிறவர் மூக்குப்பொடி போடுவதையும் அது பார்க்கிறது. தியேட்டரில் இருட்டு, வாசல் எங்கே என்று தெரியாது, நாலு பக்கமும் சத்தம். மாமி இதை ஒத்துக்கொள்ளவில்லை. அது பரவாயில்லை.

பிள்ளையைக் கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி: டிரெய்லரை மொபைலில் இல்லாமல் டிவியில், சத்தத்தோடு, பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். டிரெய்லரைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். மறுபடி போடு என்று கேட்டால் நல்லது. எழுந்து தண்ணி குடிக்கப் போனால் அதுவும் ஒரு பதில்தான்.

தியேட்டருக்குள்

ஓடும் நேரத்தைப் பாருங்கள். அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் 181 நிமிஷம், விளம்பரமும் இடைவேளையும் சேர்த்தால் மூன்றரை மணி நேரம் கிட்டே. ஆறு வயதுக்கு அது படம் இல்லை, தண்டனை. காலைக் காட்சியோ மேட்னியோ போடுங்கள், இரவுக் காட்சி முடிந்து வடசேரி பஸ் ஸ்டாண்டில் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கு ஒன்று போதும்.

தியேட்டரில் ஒலியைச் சீர்செய்யும்போது ஒவ்வொரு முக்கிய ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போக இடம் வைப்பது வழக்கமான கணக்கு. சூப்பர் ஹீரோ படத்தின் கடைசி அரை மணி நேரம் அந்த உச்சத்துக்காகவே எடுத்தது. பின் வரிசையில் ஓரத்து சீட்டாகப் போடுங்கள், ஆனால் சுவர் ஸ்பீக்கருக்கு நேர் கீழே வேண்டாம். கடையில் பிள்ளைகள் அளவில் காது மூடுகிற ஹெட்போன் கிடைக்கும், இல்லாவிட்டால் உள்ளங்கை. 3டி கண்ணாடி சின்ன மூக்கில் நிற்காது, ஆறு ஏழு வயதுவரை 2டி போதும். வீட்டில் வலிப்பு வருகிற பிள்ளை இருந்தால் இதை அவசியம் பாருங்கள்: 2018-ல் இன்கிரெடிபிள்ஸ் 2 வந்தபோது அதில் பளிச் பளிச்சென்று வெட்டுகிற வெளிச்சக் காட்சிகளுக்காக அமெரிக்கத் தியேட்டர்களில் எச்சரிக்கைப் பலகையே வைத்தார்கள். அது பிள்ளைகளுக்கென்றே எடுத்த, அங்கே வெறும் பிஜி வாங்கிய படம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

இடைவேளையை வீணாக்காதீர்கள். ஆங்கிலப் படத்துக்கு இயல்பில் இடைவேளை கிடையாது, நம் ஊரில்தான் நடுவில் வெட்டி விடுகிறார்கள், அது பெற்றோருக்குப் பெரிய வரம். வெளியே வந்து பப்ஸ் வாங்கிக் கொடுக்கும்போது, "பயமா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எந்தப் பையனும் அக்கா முன்னால் ஆமாம் என்று சொல்ல மாட்டான். "இனி என்ன நடக்கும்னு நினைக்கே?" என்று கேளுங்கள். அவன் சொல்கிற கதையில் தெரிந்துவிடும். வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றினால் போய்விடுங்கள், டிக்கெட் காசு போனது போனதுதான், உள்ளே உட்கார்ந்தால் மட்டும் அது திரும்பியா வரப்போகிறது?

பெயர் ஓடும்போது படம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், பல படங்களில் அதற்கப்புறமும் ஒரு துண்டுக் காட்சி இருக்கும். இது ரசிகர்களுக்கான விஷயம் மட்டும் இல்லை. அடுத்த படத்து வில்லனை அங்கேதான் காட்டுவார்கள், பெரும்பாலும் இருட்டில், திடீரென்று. சின்னப் பிள்ளை கடைசியாக மனசில் எடுத்துக்கொண்டு போவது அதுவாக இருக்க வேண்டாம் என்றால் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு டிவியில்

ஓடிடியில் வருகிறபோது கதை மாறும். 2021-ம் வருஷ ஐடி விதிகளின்படி அந்த நிறுவனங்கள் தாங்களே யு, யுஏ 7+, 13+, 16+, ஏ என்று வகை போட வேண்டும், படம் தொடங்கும்போது திரையில் எண்ணோடு காரணமும் காட்ட வேண்டும். தியேட்டரில் வெட்டியது ஓடிடியில் வெட்டாமல் வரலாம், அதனால் "தியேட்டர்ல பாத்ததுதானே" என்று பிள்ளையிடம் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போகாதீர்கள். 13+க்கும் அதற்கு மேலேயும் பூட்டுப் போடும் வசதி கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. செட்டிங்கில் போய்ப் பிள்ளைக்குத் தனி புரொஃபைல், பெரியவர்கள் புரொஃபைலுக்கு நாலு இலக்க பின். இரண்டையும் போட வேண்டும். பிள்ளை புரொஃபைல் மட்டும் வைத்து உங்களுடையதைத் திறந்து விட்டால் பிள்ளை உங்கள் பெயரை அமுக்கத்தான் போகிறது. பின் நம்பராகப் பிறந்த வருஷத்தைப் போடாதீர்கள், என் மகள் இரண்டாவது முயற்சியில் கண்டுபிடித்தாள்.

ஏ படங்களை டிவி சேனலில் அப்படியே போட முடியாது, டிவிக்கென்று தனியாக வெட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆகவே சேனலில் வந்ததைப் பிள்ளை பார்த்தது என்றால் பதற வேண்டாம். எனக்குப் பெரிய தலைவலி ரீல்ஸும் ஷார்ட்ஸும்தான். ஏ படத்திலிருந்து நாற்பது நொடி வெட்டி, பாட்டுப் போட்டு, எந்த எண்ணும் இல்லாமல் வந்துகொண்டே இருக்கிறது. அதற்குப் பூட்டெல்லாம் போட்டுப் பார்த்தேன். மொபைலை வாங்கி வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒன்று விட்டுவிட்டேன். உள்ளே போகும் முன் பிள்ளையோடு ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது, கையை இரண்டு முறை அழுத்தினால் கேள்வி கேட்காமல் வெளியே போவது, அக்கா கேலி செய்யக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் சேர்த்தி. போன மாசம் ஒரு யுஏ 7+ படத்துக்குப் போனோம், எல்லாம் படித்து, எல்லாம் பார்த்துத்தான் போனேன். கிளைமாக்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் என் கையை இரண்டு முறை அழுத்தினான். சொன்ன வார்த்தை மாறாமல் எழுந்து, நாலு பேர் காலை மிதித்து, இருட்டில் படி தடுக்கி வெளியே வந்து, குனிந்து அவன் முகத்தைப் பார்த்தேன். மூத்திரம் வருகிறதாம்.